வண்டிக்கு வழி விட்ட மெஷின்

ரிஜெக்ட் சாருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. முப்பத்தொரு வருஷம் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்த்தவர். வேண்டாம் என்று சொல்வதற்குத்தான் சம்பளம். சட்டைப்பையில் சிவப்புப் பென்சில். பிடிக்காத சாமான் மேல் ஒரு பெருக்கல் குறி. போட்டால் போட்டதுதான், மேலதிகாரி வந்து கெஞ்சினாலும் அழிக்க மாட்டார். பிறகு ஓய்வு பெற்றார். பென்சில் ஓய்வு பெறவில்லை. தக்காளிக்குப் பெருக்கல் குறி போடுகிற மனிதரை என்ன செய்வது.

அப்பேர்ப்பட்டவர் ஒரு மெஷின் வாங்கினார்.

மூடப்போகிற ஒரு பெயர்ப்பலகைக் கடையிலிருந்து வந்தது. படத்தைக் கொடுத்தால் மரத்தைத் தானே செதுக்குகிற மெஷின். உடம்பு திடமான உடம்பு. மோட்டார்களும் பழுதில்லை. மூளைதான் எரிந்துபோயிருந்தது. மூளை என்றால் கன்ட்ரோலர். எந்த மோட்டார் எப்போது எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று உத்தரவு போடுகிற பெட்டி. அது இல்லாவிட்டால் மெஷின் வெறும் இரும்பு. புதிதாக ஒன்று வாங்கி மாட்டிவிடலாம், ஒரே வாரம் என்று மனைவியிடம் சொன்னார். மெஷினை அவளுடைய தையல் அறையில் இறக்கினார். தையல் மெஷின் சமையலறைக்குப் போயிற்று, ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில்.

இது பதினொரு மாதத்துக்கு முந்திய கதை.

பதினொரு மாதமாக ரிஜெக்ட் சார் கன்ட்ரோலர் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். நீள நோட்டில் கட்டம் போட்டு எழுதினார். முதல் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. மூன்று மோட்டாருக்கும் போதும், மாட்டுவதும் சுலபம். 'நன்று' என்று எழுதினார். மறுநாள் அதில் நான்காவது மோட்டாருக்கு இடமில்லை என்று கண்டுபிடித்தார். அவரிடம் நான்காவது மோட்டார் கிடையாது. இருந்தாலும் பெருக்கல் குறி. அடுத்தது, பழைய கம்ப்யூட்டரோடுதான் பேசும். பெருக்கல் குறி. இன்னொன்று புதிய கம்ப்யூட்டரோடு மட்டும்தான் பேசும். அதற்கும் குறி. திரையும் பொத்தானும் உள்ள ஒன்று எல்லா விதத்திலும் சரியாக இருந்தது. இரண்டு நாள் தூங்காமல் குறை தேடினார். பச்சைப் பொத்தான் சரியான பச்சையில் இல்லை.

அந்தம்மாள் பொறுத்துப் பார்த்தாள். அவளும் சும்மா ஆள் இல்லை. எம்பிராய்டரி மெஷின்கள் வரிசையாக ஓடுகிற பட்டறையில் பதினான்கு வருஷம் பொறுப்பாக இருந்தவள். இப்போது வீட்டிலேயே தைக்கிறாள். காபியில் நூல் மிதப்பதும், துணியில் எண்ணெய் தெறிப்பதுமாக ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஒரு நாள் காலையில் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் மெஷின் ஓட வேண்டும், இல்லையென்றால் பழைய இரும்புக்காரன் வருவான், ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது என்றாள். குரலை உயர்த்தவில்லை.

ரிஜெக்ட் சாருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு தாளை எடுத்துத் தம் கையாலேயே எழுதினார். 'ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் மெஷின் ஓடும். ஓடாவிட்டால் இரும்புக் கடைக்கு. ஓடினால், ஓட்டுகிறவருக்கே இந்த அறை நிரந்தரமாகச் சொந்தம். மற்றவர் தலையிடக் கூடாது.' கீழே கையெழுத்து. அவளிடமும் ஒரு கையெழுத்து வாங்கி, கதவில் ஒட்டினார். வாசகத்தை மூன்று முறை படித்துப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை.

சனிக்கிழமை வந்தது. நோட்டில் நாற்பத்திரண்டாம் பக்கம். கன்ட்ரோலர் இல்லை. இனிமேல் வரவழைக்கவும் நேரமில்லை.

பக்கத்து வீட்டு டிரைவரைக் கூப்பிட்டார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் பேச ஆளில்லாத மனிதர், எதற்குக் கூப்பிட்டாலும் வருவார். திட்டத்தைக் கேட்டுவிட்டு டிரைவர் மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"அதாவது, நான்தான் கன்ட்ரோலரா, சார்?"

"ஒரு நாளைக்குத்தான்."

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதே."

"அதனாலதான் உங்களக் கூப்பிட்டேன். தெரிஞ்சவன் கேள்வி கேப்பான்."

இரண்டு சைக்கிள் செயினைக் கழற்றினார்கள். மெஷினின் மோட்டார் தண்டிலிருந்து, அது நின்ற மேசைக்கு அடியே இறக்கி, முனையில் மிதிக்கட்டைகளை மாட்டினார்கள். இடது கைக் கட்டையைச் சுற்றினால் வெட்டும் முனை குறுக்கே போகும். வலது கைக் கட்டையைச் சுற்றினால் நீளவாட்டில் போகும். முனையைச் சுழற்றுகிற மோட்டார் தனி, அதற்குச் சுவிட்ச் இருந்தது. ஆழத்தை முன்பே திருகி வைத்தாயிற்று. மேசையைச் சுற்றி ஒரு போர்வை. உள்ளே டிரைவர் மல்லாந்து படுத்துக்கொண்டார். தலைக்கு உயரம் போதவில்லை. அங்கே கிடந்த ஒரு அட்டைப்பெட்டியை இழுத்துத் தலையணையாக்கிக்கொண்டார். வெளியே ரிஜெக்ட் சார் காலால் தரையைத் தட்டுவார். ஒரு தட்டு இடது, இரண்டு வலது, மூன்று முன்னே, நாலு பின்னே. இருமினால் நிறுத்தம். சதுரம் போட்டுப் பார்த்தார்கள். வந்தது.

ஞாயிறு நான்கு மணிக்கு அந்தம்மாள் ஒரு நாற்காலியோடு வந்து உட்கார்ந்தாள். மேசை மேல் கம்ப்யூட்டர். திரையில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. யாரோ எங்கோ எடுத்த வீடியோ. ரிஜெக்ட் சார் ஒரு பொத்தானை ஒரு விரலால் கம்பீரமாக அழுத்தினார். காலால் இரண்டு தட்டு தட்டினார். மெஷின் நகர்ந்தது. பிறகு மூன்று, ஒன்று, நாலு என்று தட்டினார். பலகையில் ஒரு சதுரம் விழுந்தது.

அந்தம்மாள் சதுரத்தைத் தடவிப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். அவருக்கு மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. அங்கேயே அவர் நிறுத்தியிருக்க வேண்டும்.

"அப்படியே ஒரு வட்டம் போடச் சொல்லுங்க."

வட்டத்துக்குத் தட்டு கிடையாது. இடது காலும் வலது காலும் மாறி மாறித் தரையில் விழுந்தன. உள்ளே டிரைவர் தமக்குத் தெரிந்த வகையில் இரண்டு கையாலும் வளைத்தார். பலகையில் ஒரு உருளைக்கிழங்கு விழுந்தது.

"உங்க காலுக்கு என்ன ஆச்சு?"

"மரத்துப்போச்சு."

"மெஷின் ஓடும்போது மட்டும் மரத்துப்போகுதா?"

கடைசியாக ஒரு நீளக் கோடு போடட்டும், துணி வெட்ட அளவுகோல் ஆகும் என்றாள். கோடு சுலபம். மூன்று தட்டு. முனை நேராகப் போயிற்று, நூல் பிடித்த மாதிரி. பாதி தூரம் போயிருக்கும். தெருவில் ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்தது.

முப்பது வருஷப் பழக்கம். பின்னால் ஹாரன் கேட்டால் டிரைவரின் கை யாரையும் கேட்காது. முனை இடது பக்கம் ஒதுங்கியது. ஓரமாகக் கொஞ்ச தூரம் போயிற்று. பஸ் சத்தம் தேய்ந்ததும் மறுபடி நடுவுக்கு வந்து நேராகப் போயிற்று.

அந்தம்மாள் பலகையைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"உங்க கன்ட்ரோலர் வண்டிக்கு வழி விடுதுங்க."

"பாதுகாப்பு அம்சம். புது வகை."

"ஓ." போர்வைப் பக்கம் திரும்பினாள். "அண்ணே, காபி போடட்டுமா?"

"சர்க்கரை கம்மியா, தங்கச்சி," என்றது மேசையின் அடிப்பகுதி.

ரிஜெக்ட் சார் இருமினார். காலம் கடந்த இருமல். நேற்றே தெரியும் என்றாள் அவள். வாசலில் இரண்டு சைக்கிளும் செயினும் மிதியும் இல்லாமல் பல்லை இளித்துக்கொண்டு நின்றால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் தெரியாது.

"அண்ணே, அங்க ஒரு அட்டைப்பெட்டி கிடக்கும், அதக் கொஞ்சம் வெளிய தள்ளுங்க."

அட்டைப்பெட்டி போர்வைக்கு அடியிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு மூலை நசுங்கியிருந்தது. மேலே பெரிய சிவப்புப் பெருக்கல் குறி. அந்தக் குறியை அவருக்குத் தெரியும். ஏழு வாரத்துக்கு முன்பு, ஒரு பார்சல் வந்திருக்கிறது பாருங்கள் என்று அவள் நீட்டினாள். மூலை நசுங்கலைப் பார்த்தார். திறக்கவில்லை. குறி போட்டுத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டு நோட்டுக்குத் திரும்பினார். அவள் திருப்பி அனுப்பவில்லை. என்றைக்காவது குனிந்து பார்ப்பார் என்று மெஷினுக்கு அடியிலேயே வைத்தாள்.

இப்போது திறந்தாள். முதல் பக்கத்துச் சின்னப் பெட்டி.

"நீங்களே நன்றுன்னு எழுதியிருந்தீங்க. அத நம்பித்தான் வாங்குனேன்."

"நாலாவது மோட்டாருக்கு இடமில்லையே," என்றார் ரிஜெக்ட் சார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

தரையில் உட்கார்ந்து திருப்புளியை எடுத்தாள். கம்பிகளில் எப்போதோ கலர் கலராக நூல் கட்டி அடையாளம் வைத்திருந்தாள். பட்டறையில் இதைவிடப் பெரிய மூளைகளை மாற்றியவள். டிரைவர் காபியைத் தாமே போட்டுக் குடித்தார். ரிஜெக்ட் சாருக்கு டார்ச் பிடிக்கிற வேலை. ஒரு திருகு கொஞ்சம் சாய்ந்திருப்பதைப் பார்த்து அவர் கை சட்டைப்பைக்குப் போயிற்று. அவள் அந்தப் பென்சிலை வாங்கி, பலகையின் நடுவைக் குறித்துக்கொண்டு, காதில் செருகிக்கொண்டாள்.

ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மெஷின் ஓடியது. யாரும் காலால் தட்டவில்லை. வட்டம் வட்டமாகவே விழுந்தது. நடுவில் தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்துப் பார்த்தது. மெஷின் மசியவில்லை. டிரைவருக்கு அது கொஞ்சம் மரியாதைக்குறைவாகப் பட்டது.

ரிஜெக்ட் சார் அளவுக்கருவியை எடுத்து எட்டுப் பக்கமும் அளந்தார். மறுபடி அளந்தார். பிறகு மெஷின் இரும்புக் கடைக்குப் போகாது இல்லையா என்று மட்டும் கேட்டார். போகாது என்று அவள் சொன்னதும் அவருக்குக் கண் கலங்கியது உண்மை. ஒரு நிமிஷம் பொறுத்துத்தான் அவள் கதவில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினாள். 'ஓட்டுகிறவருக்கே இந்த அறை நிரந்தரமாகச் சொந்தம். மற்றவர் தலையிடக் கூடாது.' கையெழுத்து அவருடையது. வாசகத்தில் ஒரு குறையும் இல்லை.

நோட்டையும் நாற்காலியையும் எடுத்துக்கொண்டு ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை கதவில் புதிய பலகை ஒன்று தொங்கியது, மெஷினில் செதுக்கியது. 'தட்டிவிட்டு வரவும்.' ரிஜெக்ட் சார் ஒவ்வொரு எழுத்தாக அளந்து பார்த்தார், ஒரு பிசகும் இல்லாததால் தட்டினார்.