துவக்குக்குக் கண்ணாடி பூட்டிய விஷயமாக மச்சானுக்கு

கல்முனை,
29.1.1980

பாசமுள்ள மச்சான் ஜவுபர் அறிவது,

அஸ்ஸலாமு அலைக்கும். எனது வலது கண்ணைத் தவிர இங்கே எல்லோரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். கத்தார் வெயிலில் நீங்களும் இரண்டு கண்ணோடும் சுகமாயிருக்க உங்கள் ராத்தா ஹாஜறா ஐந்து நேரமும் துஆச் செய்கிறா. நான் இந்த ஒரு கிழமை மட்டும் செய்யவில்லை. காரணம் கீழே வருகிறது.

நீங்கள் அனுப்பிய தூரக்கண்ணாடி கிடைத்தது. கொண்டு வந்தவர் விமான நிலையத்தில் "இது என்ன?" என்று கேட்ட அதிகாரியிடம் "நோன்புப் பிறை பாக்கிறதுக்கு" என்று சொல்லித் தப்பி வந்தாராம். சேலைகளுக்குள் சுருட்டியிருந்த அந்த நீளப் பித்தளைக் குழலை ராத்தாதான் முதலில் பிரித்தா. அடுப்பூதும் குழல் என்று நினைத்து, தம்பிக்கு என்ன பாசம் என்று கண்கலங்கி, குசினிக்குள் கொண்டுபோய் ஊதியும் பார்த்தா. காற்றுப் போகவில்லை. அந்தக் காலத்துத் துரைமார் கரிமருந்துத் துவக்கில் பூட்டிய அதே மாதிரியில் இப்போது புதிதாகச் செய்து விற்கிறார்கள், இதைப் பூட்டினால் ஐந்நூறு யார் தூரத்தில் நிற்கும் பன்றியும் தப்பாது என்று எழுதியிருந்தீர்கள். போன போகத்தில் ஐம்பது யாரில் நின்ற பன்றியை நான் தவறவிட்டதை உங்களுக்கு எழுதியது யார் என்று எனக்குத் தெரியும் மச்சான். அவ இப்போதும் குசினிக்குள்தான் நிற்கிறா.

கிண்டல் ஒரு பக்கம் இருக்கட்டும். சவளக்கடையில் நமது வேளாண்மை கதிர் தள்ளி நிற்கிறது, மகள் றாஹிலாவின் கலியாணம் அதை நம்பித்தான் நிற்கிறது, பன்றிகளோ கலியாண வீட்டுக்கு முந்தியே வந்துவிட்ட சொந்தக்காரரைப்போல் பாய் விரித்துப் படுக்காத குறையாக வயலுக்குள் கிடக்கின்றன. ஆகவே, உங்கள் வாப்பா விட்டுப்போன கட்டுத் துவக்கையும், வாய் வழியே மருந்தும் தும்பும் ஈயக்குண்டும் போட்டு இடிக்கிற அதே பழைய துவக்கைத்தான் சொல்கிறேன், உங்கள் குழலையும் தூக்கிக்கொண்டு காரைதீவுக் கொல்லர் தம்பிமுத்துவிடம் போனேன். அவர் குழலுக்குள்ளால் ரோட்டைப் பார்த்தார், தென்னையைப் பார்த்தார், எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த சாரத்தில் எத்தனை கிழிசல் என்றும் சொன்னார். உலை அணைந்துபோனது. கடைசியில் இரண்டு இரும்பு வளையம் அடித்து, ஆட்டம் இல்லாமலிருக்க சைக்கிள் டியூப் சுற்றி, இறுக்கிப் பூட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார்.

"மாஸ்டர், இது துவக்குக்குக் கண்ணாடி பூட்டின மாதிரித் தெரியல்ல. கண்ணாடிக்குத்தான் துவக்குப் பூட்டியிரிக்கி" என்றார்.

அதுவும் உண்மைதான். துவக்கு உதைக்கும்போது கண்ணாடியும் கூடவே பின்னால் வருமே என்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

புதன்கிழமை பரீட்சை பார்த்தோம். பக்கத்து வயல்காரர் புண்ணியமூர்த்தியை உங்களுக்குத் தெரியும். பன்றி விழுந்தால் இறைச்சி அவருக்கு என்று பேச்சு, அதனால் என்னைவிட அவருக்குத்தான் அவசரம். தூரத்து வரம்பில் ஒரு மண்ணெண்ணெய் டின்னை வைத்தார். கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன், டின் மூக்குக்கு முன்னால் நிற்கிறது, அதில் உட்கார்ந்த ஈயைக் கையால் விசுக்கினேன். கண்ணைக் குழலோடு நன்றாக ஒட்டிவைத்துக்கொண்டு பிஸ்மி சொல்லி விசையை இழுத்தேன். பிறகு வயலும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை, கரிமருந்துப் புகையும் நட்சத்திரமும்தான் தெரிந்தன. புகை விலகியபோது நான் சேற்றில் இருந்தேன். டின் வைத்தபடி இருந்தது. எங்கேயோ ஒரு பக்கத்தில், குருவிக்கு நட்டிருந்த வெருளி மட்டும் குப்புற விழுந்து கிடந்தது. தபால் கந்தோருக்கு நான் உடுத்துப்போன கோட்டை, பென்ஷன் எடுத்த பிறகு அதற்குத்தான் போட்டிருந்தேன்.

புண்ணியமூர்த்தி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு அங்கிருந்தே கத்தினார்: "பண்டிக்கு வெச்ச வெடியில போஸ்ட் மாஸ்டரெல்லோ உழுந்திட்டாரு!"

கண்ணைச் சுற்றி வட்டமாக ஒரு கறுப்பு வளையம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் பக்கத்தில் நின்றவர் சலாம் கொடுத்த கையோடு, "காக்கா, ஊட்டில ஏதும் பிரச்சினயா?" என்றார். பின்னேரம் அயலில் உள்ள பெண்கள் ராத்தாவிடம் வந்தார்கள். "நான் ஒண்டும் செய்யல்லகா, அவரு கண்ணாடியில அடிபட்டிட்டாரு" என்று இவ சொல்ல, "ஓம் ஓம், அப்பிடித்தான் சொல்லணும்" என்று ஒருத்தி தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனா. உங்கள் ராத்தாவுக்கு அன்றிலிருந்து தெருவில் தனி மரியாதை. மறுத்துச் சொல்வதையும் இப்போது குறைத்துக்கொண்டா.

இந்த நிலையில்தான் ஞாயிற்றுக்கிழமை ஒலுவிலில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வளையத்துக்கு மேல் ராத்தா முகப்பவுடர் பூசிவிட்டா. அது சாம்பல் நிறமாகி இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. மாப்பிள்ளையின் வாப்பா அப்துல் கபூர் தேத்தண்ணீரைக் கையில் வாங்கியவர் குடிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோவிக்கப்படா. என்ட மகன் இந்த ஊட்டுக்கு வந்து இரிக்கப்போறவன். அதால கேக்கன். இந்த ஊட்டில ஆராச்சும் கை நீட்டுற பழக்கம் இரிக்கா?"

திரைக்குப் பின்னால் றாஹிலாவின் வளையல் சத்தம் நின்றுபோனது. அந்தப் பிள்ளை எத்தனை நாளாக இந்தச் சம்பந்தத்தை எண்ணிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். நான் உள்ளே போய்த் துவக்கை எடுத்து வந்தேன். துவக்கைக் கண்டதும் மாப்பிள்ளையின் உம்மா வாசலுக்கே போய்விட்டா. கபூர் மட்டும் குழலின் விளிம்பை என் கண்ணருகில் வைத்து அளந்து பார்த்தார். அச்சு எடுத்ததுபோல் பொருந்தியது. அவர் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணீர் எல்லாம் சாரத்தில். "எங்க, உங்கட வயலயும் ஒருக்காப் பாப்பம்" என்று எழும்பிவிட்டார்.

அசறுத் தொழுகைக்குப் பிறகு சவளக்கடை போனோம். புண்ணியமூர்த்தி கத்தி தீட்டி ஆயத்தமாக நின்றார். வெயில் சாய, தூரத்து வரம்பில் ஒரு தாய்ப்பன்றி வந்தது. கண்ணாடியில் கண்ணை வைத்தேன், இந்தமுறை தள்ளித்தான். மச்சான், இதுவரை அது எனக்கு வயலுக்குள் அசைகிற ஒரு கறுப்பு, அவ்வளவுதான். அன்று அதற்கு முகம் வந்துவிட்டது. இமை மயிரில் சேறு. பின்னால் குட்டிகள். ஒரு குட்டி வாய்க்காலுக்குள் சறுக்கி விழ, தாய் திரும்பி வந்து மூக்கால் நெம்பி மேலே ஏற்றியது. நமது நெல்லைத்தான் தின்னப்போகிறது, தெரியும். என் விரல் மடங்கவில்லை.

"எனக்கு ஏலா. நீங்க சுடுங்க" என்று கபூரிடம் கொடுத்தேன்.

அவரும் வெகு நேரம் பார்த்தார். "குட்டியோட நிக்கிது காக்கா. சும்மா வெருட்டி உடுவம்."

"அப்ப அடுப்பில வெச்ச சட்டிய நான் என்ன செய்யிற?" என்றார் புண்ணியமூர்த்தி.

கபூர் துவக்கை வானத்துக்கு உயர்த்தி விசையை இழுத்தார். ஆனால் கண்ணைக் கண்ணாடியிலிருந்து எடுக்க மறந்துபோனார். நான் "கண்ணு, கண்ணு!" என்று கத்தியது வெடிச் சத்தத்தில் கேட்கவில்லை. பன்றிகள் காட்டுக்குள் ஓடின. சம்பந்தியார் எனது பழைய சேற்றிலேயே இருந்தார். கண்ணைத் தொட்டுப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கலியாணம் முடிவெண்டே வெச்சிக்குவம். இந்தக் கண்ணோட வேற ஊட்ட பொண்ணு பாக்கப் போக ஏலா" என்றார்.

அறுவடை முடிந்ததும் கலியாணம், நீங்கள் கட்டாயம் லீவு எடுத்து வரவேண்டும். பன்றிக்கு இப்போது டின்தான் தட்டுகிறோம், ஓரளவு பயப்படுகின்றன. ஆனால் ஒன்று. இப்படியான சாமானை இனி ஒருக்காலும் அனுப்பாதீர்கள். குழலைக் கழற்றித் துடைத்து வைத்துவிட்டேன், அங்கே வருகிற முதல் ஆளிடம் திருப்பி அனுப்புகிறேன், கடைக்காரனிடமே கொடுத்துவிடுங்கள். இந்த வயதில் எனக்கு வேடிக்கை போதும்.

உங்கள் ஹயாத்தையும் கண்பார்வையையும் வல்ல இறைவன் நீட்டித் தருவானாக. ராத்தா, றாஹிலா ஆகியோரின் சலாம் இத்துடன்.

இப்படிக்கு,
ஒற்றைக் கண்ணால் இதை எழுதிய மச்சான்,
மீராசாஹிபு

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகிற நேரம் ஒலுவிலில் இருந்து ஆள் வந்தது. சம்பந்தியார் தமது துவக்கையும் தம்பிமுத்துவிடம் அனுப்பிவிட்டாராம், அவருக்கும் அதேபோல ஒரு குழல் உடனே வேண்டுமாம். ஆகவே மேலே எழுதியதில் கலியாணத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடவும். என்னுடையதை நான் இன்னும் கழற்றவில்லை. அவருக்கு அனுப்புவது என்னுடையதைவிட ஒரு சாணாவது கட்டையாக இருக்கட்டும்.