பத்துப் பிள்ளையாரும் என் சாணி வண்டுகளும்

படித்தவன் செய்கிற முட்டாள்தனத்தில் ஒரு ஒழுங்கு இருக்கும். அளந்து, குறித்து, வரிசை எண் போட்டுச் செய்வான். அப்படித்தான் நான் ஒருமுறை நாங்குநேரிப் பக்கம் பத்துப் பிள்ளையார்களைச் செய்து வைத்தேன். பிள்ளையார் என்று தெரியாமலே செய்தேன் என்பதுதான் கேவலம்.

அப்போது நான் பாளையங்கோட்டையில் விலங்கியல் ஆராய்ச்சி மாணவன். நிலத்தைப் பயன்படுத்தும் விதம் மாறினால் சாணி வண்டு வகைகள் எப்படி மாறுகின்றன என்பது என் தலைப்பு. (பெண் பார்க்கப் போன இடங்களில் அம்மா 'பையன் சயின்ஸ்' என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள்.) மேய்ச்சல் தரிசு, வாழைத் தோட்டம், கல் நட்ட வீட்டுமனை என்று மூன்று இடங்கள். தரைமட்டத்துக்குக் கிண்ணம் புதைத்து, மேலே கம்பி வலையில் சாணி உருண்டை வைக்க வேண்டும். வாசனைக்கு வரும் வண்டு கிண்ணத்தில் விழும்.

விழவில்லை. அதுபோக, தரிசில் கிண்ணங்களை எங்கே புதைத்தேன் என்று எனக்கே தெரியாமல் இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினேன். என் நெறியாளர் பொறுமையிழந்தார்.

"சனிக்கிழம நானே வாறேன். வண்டக் காட்டும். இல்லன்னா தலைப்ப மாத்திக் கொசுப்புழுவுக்குப் போயிரும் வே," என்றார்.

இரண்டு வருட உழைப்பு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தரிசில் பத்து உருண்டைகள் வைத்தேன். இந்தமுறை தொலையக் கூடாது என்று ஒவ்வொன்றின் உச்சியிலும் அடையாளத்துக்கு அருகம்புல் செருகினேன். (சாணி உருண்டையில் அருகம்புல் செருகினால் அது என்ன ஆகும் என்பது நம் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு வண்டுகளின் லத்தீன் பெயர்கள் தெரியும்.)

மறுநாள் காலையில் போனால், உடைமரத்தடியில் வாழையிலை விரித்து, பத்துப் பேரும் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். குங்குமம், செவ்வரளி, சூடம், சுற்றிலும் பாதி ஊர். கிண்ணங்கள் காலி. பதறிப்போய் ஒரு உருண்டையை எடுக்கக் கை நீட்டினேன்.

"கைய எடுங்க தம்பி," என்றார் இசக்கியம்மாள். அந்தத் தரிசில் ஆடு மேய்ப்பவர். "எவனோ குழிக்குள்ள வச்சிட்டுப் போயிருக்கான். நாங்கதான் எடுத்து மரியாதையா வச்சிருக்கோம்."

"அது நான் வண்டுக்கு வச்சது, அக்கா."

"பிள்ளையாரயா?"

அந்த நேரம் பார்த்து நெறியாளர் வந்து இறங்கினார். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினார். திருநீறு கொடுத்தார்கள், பூசிக்கொண்டார். பிறகு என் காதருகே வந்து கேட்டார்:

"இதுல ஆராய்ச்சி எது வே?"

என் வாழ்க்கை கொசுப்புழுவோடுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

இசக்கியம்மாள் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டும் வாளியை என் முன்னால் வைத்தார். "பூசை முடிஞ்சிட்டு. இனிக் கரைக்கணும்லா. வச்ச கையாலயே கரைச்சிருங்க."

கரைத்தேன். முதல் பிள்ளையார் கரைந்ததும் கறுப்பாக ஏதோ மேலே மிதந்தது. பிறகு பச்சையாக மினுங்கும் ஒன்று, கொம்பு வைத்த ஒன்று, மிளகளவில் நாலைந்து. எல்லாம் கிண்ணத்தில் விழாமல் உருண்டைக்குள்ளேயே புகுந்து குடித்தனம் நடத்தியிருக்கின்றன. நெறியாளர் வாளியருகே குந்திவிட்டார்.

"பைய கரையும். அடுத்ததப் போடும். ஏ யப்பா, இது வேற வகைல்லா வே."

பத்தாவது கரைவதற்குள் என் குப்பிகள் தீர்ந்து, இசக்கியம்மாளின் தூக்குச்சட்டியை இரவல் வாங்கியிருந்தோம். எனக்குச் சாணிக் கையோடு ஆட வேண்டும்போல இருந்தது. சிறிது ஆடியும் விட்டேன்.

மற்ற இரண்டு இடங்களிலும் அதே வாளி முறைதான். (புல் இல்லாமல்.) வாழைத் தோட்டத்தில் மிளகளவு வண்டு மட்டும் மிதந்தது. வீட்டுமனையில் உருண்டை காய்ந்து வறட்டியானது, ஒன்றும் வரவில்லை. கேள்விப்பட்ட இசக்கியம்மாள், "மாடு கால் வைக்காத எடத்துல அதுக்கு என்ன சோலி?" என்றார். அதையே நான் இருநூறு பக்கம் எழுதினேன். பட்டம் கிடைத்தது. வாய்மொழித் தேர்வில் கைதட்டினார்கள். அன்று பேருந்தில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன், நெஞ்சு அவ்வளவு நிமிர்ந்திருந்தது.

வீட்டில் அந்த நிமிர்வு செல்லாது. புதிதாக வருகிறவர்கள் வாசலில் என் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு, "சார் எதுக்கு டாக்டர்?" என்று கேட்டால் போதும், மனைவி காப்பியை நீட்டிக்கொண்டே சொல்லிவிடுவாள்.

"ஊசியெல்லாம் போட மாட்டாவ. பிள்ளையாரக் கரைச்சு டாக்டர் ஆனாவ."