தூரத்தின் வர்க்கம்

“போர்டை அழிச்சிட்டுப் போனா உங்களுக்குக் கை தேஞ்சிடுமா?”

“விட்டுவச்சா, உங்க கெமிஸ்ட்ரியைவிட உருப்படியா நாலு வரி பசங்க படிப்பாங்கன்னுதான்.”

டியூஷன் சென்டரே அதிர்ந்தது. கேட்டவள் கெமிஸ்ட்ரி எடுப்பவள், சென்டரை நடத்தும் பிசிக்ஸ் வாத்தியாரின் ஒரே மகள். பதில் சொன்னவன் கணக்கு வாத்தியார். தெருவே இதைச் சண்டை என்றுதான் நினைத்தது. பிசிக்ஸ் வாத்தியாருக்கு மட்டும் வேறு சந்தேகம். மகளைச் சிநேகிதரின் பையனுக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

“இது ஈர்ப்புடி,” என்றார் மனைவியிடம்.

“கடிச்சுக் குதறிக்குதுங்க. இதுல ஈர்ப்பு எங்கேருந்து வந்துச்சு?”

“நாமளும் இப்படித்தானே ஆரம்பிச்சோம்?”

“நாம இன்னும் இப்படித்தானே இருக்கோம்?”

அவர் பேப்பரை எடுத்தார். இரண்டு மின்னூட்டம், நடுவே தூரம், விசை எவ்வளவு? முப்பது வருஷமாகப் போட்டுக் கை பழகிய கணக்கு. மகளின் மின்னூட்டத்தை, அவள் அம்மாவின் கோபத்தை மனதில் வைத்துத் தாராளமாகவே போட்டார். மேஜைகளுக்கு இடையே இரண்டு மீட்டர். தூரத்தை இரட்டிப்பாக்கினால் விசை நாலில் ஒரு பங்கு. மறுநாளே கணக்கு மேஜை நாலு மீட்டருக்குத் தள்ளிப்போனது.

சத்தம் அடங்கியது. ஆனால் சாப்பிடும்போது மகள், “அவர் எழுத்து, தள்ளி நின்னு பார்த்தா முத்து முத்தாத்தான்ப்பா இருக்கு,” என்றாள்.

பதறிப்போய் அவனை எட்டு மீட்டருக்கு, மாடி அறைக்கே ஏற்றினார். பதினாறில் ஒரு பங்கு. இப்போது மாடியிலிருந்து சீட்டு இறங்கியது: ‘சாக்பீஸ் இருந்தால் கொடுத்தனுப்பவும். நன்றி.’

நன்றியாம். கேள்விப்பட்ட எதிர்வீட்டுக்காரி, அடுப்பை அணைத்துவிட்டே வந்து விசாரித்தாள்.

கடைசியில் நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிளையைத் திறந்து, கணக்கு வாத்தியாரை அங்கே கொண்டுபோய் உட்காரவைத்தார். விசை எத்தனையாவது தசம ஸ்தானத்திலோ போய் ஒளிந்துகொண்டது. பிசிக்ஸ் வாத்தியார் நிம்மதியாகத் தூங்கினார். அடுத்த இரண்டு மாசமும் மகள் போனில் சிரித்துக்கொண்டிருந்ததை அவரைத் தவிர எல்லோரும் கேட்டார்கள்.

மூன்றாம் மாசம் இருவரும் ரிஜிஸ்டர் ஆபீஸ் சர்டிபிகேட்டோடு வந்து நின்றார்கள். அந்த வாரமே வேறு ஊருக்குக் குடிபோனார்கள். சிநேகிதர் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

வாத்தியார் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கணக்குல ஒரு தப்பும் இல்லையே.”

பன்னிரண்டு வருஷமாக வாசலில் நின்றே அவர் பாடத்தைக் கேட்டுவந்த, வகுப்பு பெருக்கும் அம்மா, துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்தாள்.

“கணக்கெல்லாம் சரிதான் சார். ஆனா அதுங்களுக்குள்ள இருந்தது விலக்குற விசையாச்சே, அதைப் போயி ஒண்ணுமில்லாமப் பண்ணிட்டீங்களே.”