ஓட்மார் பேரிங் மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. பொய்யென்று யாராவது காட்டிவிட்டால், எழுதியவனின் பல்செட் அடுத்த கல்யாண விருந்தில் சம்பந்திமார் முன்னிலையில் கழன்று சூப்பில் விழட்டும். இதற்கு மேல் ஒரு மனிதன் எதைப் பணயம் வைக்க முடியும்?

சனிக்கிழமை சாயங்காலம் ஓட்மார் குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றிலும் வாஷிங் மெஷின் இருந்தது. மூடி வாஷ்பேசினில் கிடந்தது. ஸ்பிரிங்குகள் சோப்புக் கிண்ணத்தில். மெஷின் ஆடாமல் இருக்க வைக்கும் கான்கிரீட் கட்டி குளியல் தொட்டியில் படுத்துக் குளிப்பது போல் இருந்தது. சுழலும் டிரம்மைத் தனியாகக் கழற்றியாகிவிட்டது. அது சுழல இடம் கொடுக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி மட்டும் அவர் மடியில் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. அதன் முதுகில் தேய்ந்துபோன இரண்டு பேரிங்குகள் துருவோடு ஒட்டிக்கொண்டு, வரமாட்டோம் என்றன.

"வந்துடுச்சா?" சமையலறையிலிருந்து ரோஸ்விதா கேட்டாள்.

"வந்துக்கிட்டே இருக்கு."

"இதைத்தான் எட்டு வருஷமா சொல்றே."

அதுவும் உண்மைதான். எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த மெஷின் முனக ஆரம்பித்தது. பிறகு ஊளையிட்டது. கடைசியில், வியாழக்கிழமை தோறும் ரோஸ்விதா துணி போட்டால் நெக்கார் ஆற்றில் போகும் படகுக்காரர்கள் பதிலுக்கு ஹாரன் அடிக்கும் அளவுக்கு வந்துவிட்டது.

கீழ்வீட்டு அல்போன்ஸ், வியாழன் இரவு ஓட்மாரோடு சீட்டாட வருபவர், மெஷின் முனக ஆரம்பித்த அந்த வருஷத்தோடு வருவதை நிறுத்திக்கொண்டார். ஒரு நாள் படிக்கட்டில் ஓட்மார் வணக்கம் சொன்னபோது திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். பதில் வராத வணக்கத்தை இரண்டாவது முறை சொல்வது அந்த ஊர் வழக்கமில்லை.

"மெஷின் சத்தத்துக்குக் கோபம் போல. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், அன்னிக்கே மாத்திடறேன்" என்றார் ஓட்மார். புது பேரிங்குகளை வாங்கி இழுப்பறையில்கூட வைத்துவிட்டார். அல்போன்ஸ் சொல்லவில்லை. பேரிங்குகள் இழுப்பறையிலேயே இருந்தன.

போன வாரம் ரொட்டிக்கடையில் ரோஸ்விதாவுக்குச் சேதி கிடைத்தது. அல்போன்ஸுக்குப் பெரிய ஆபரேஷன். முடிந்து பல வாரமாக ஏதோ ஒரு மறுவாழ்வு கிளினிக்கில் இருக்கிறார். ஞாயிறு நாலு மணிக்கு மகள் பிர்கிட் காரில் கூட்டி வருகிறாள்.

"எங்க ஆபரேஷனாம்?"

"அதை எப்படிக் கேக்கறது? அசிங்கமா இருக்காதா?"

ஓட்மாருக்குக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. இதயம். வேறென்ன இருக்க முடியும்? எட்டு வருஷம் தலைக்கு மேல் ஊளை கேட்டால் எந்த இதயம் தாங்கும்? அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை, அதாவது உருளைக்கிழங்கு இறங்கவில்லை. அல்போன்ஸ் தையல் போட்ட நெஞ்சோடு வந்து படுக்கும்போது இந்த வீட்டிலிருந்து ஒரு முனகல் வரக்கூடாது. அவ்வளவுதான் அவர் வேண்டிக்கொண்டது.

ஆகவே தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, இரும்புக் கம்பியைப் பேரிங் மேல் வைத்து, சுத்தியலால் ஒரு போடு போட்டார். தரை ஓடு விரிசல் விட்டது. தரைக்குப் பாதுகாப்பாக ரோஸ்விதாவின் மாவுப் பலகையைக் கொண்டுவந்து அடியில் வைத்தார். அது அவள் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்தது. இரண்டாவது போட்டில் பலகை சரிபாதியாகப் பிரிந்தது.

"என்ன சத்தம் அது?"

"வந்துக்கிட்டே இருக்கு, ரோசி."

சூடு காட்டினால் பிடி தளரும் என்று அவளுடைய ஹேர் டிரையரை எடுத்துப் பேரிங்கைச் சுற்றிப் பிடித்தார். முக்கால் மணி நேரம் பிடித்த பிறகு அது தும்மியது, புகைந்தது, போகிறபோது வீட்டு மின்சாரத்தையும் கூட்டிக்கொண்டு போனது. இருட்டில் ரோஸ்விதா தலையில் துண்டோடு வந்து நின்றாள். அப்போதுதான் சமையலறைத் தொட்டியில் தலையை அலசியிருந்தாள்.

"நாளைக்கு சர்ச்சுக்கு நான் எப்படிப் போறது?"

"தொப்பி போட்டுக்கோ."

அவள் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே திரும்பிப் போனாள். திட்டிவிட்டுப் போயிருந்தால் தேவலை என்றிருந்தது ஓட்மாருக்கு.

அவர் ஃபியூஸைப் போட்டு முடிப்பதற்குள் சர்ச்சில் சனிக்கிழமை மாலை மணி அடித்துவிட்டது. அந்த மணி அடித்தால் ஊர் முழுக்கச் சுத்தியலைக் கீழே வைத்துவிடும். திங்கள் காலைவரை தொடாது. ஞாயிற்றுக்கிழமை ஆணி அடித்தவனை அந்தத் தெரு பேரப்பிள்ளை காலம்வரை ஞாபகம் வைத்திருக்கும். அதற்கென்றே எதிர்வீட்டு ஹேகெலே அம்மா ஜன்னலில் தலையணை போட்டு, முழங்கையை ஊன்றி, விடிந்தது முதல் காவல் இருப்பார்.

ஞாயிறு காலை, தொப்பியை மாட்டிக்கொண்டிருந்த ரோஸ்விதாவிடம் ஓட்மார் மெதுவாகச் சொன்னார்: "மணி அடிக்கும்போது நானும் அடிச்சா யாருக்குத் தெரியும்?"

"கடவுளுக்குத் தெரியும்."

"அவர் புகார் எழுதிப் போட மாட்டார். ஹேகெலே அம்மா போடுவாங்க."

பத்து மணிக்குப் பூசை மணி முழங்கியது. ஓட்மார் பெரிய மணியின் தாளம் பிடித்து, அது டாங் என்றால் இவரும் டாங் என்று இறக்கினார். சின்ன பேரிங் பொத்தென்று விழுந்தது. பெரியது ஒரு மயிரிழை நகர்ந்தது. மணி நின்றது. சுத்தியல் அந்தரத்தில் நின்றது.

பிறகு காத்திருப்பு. சர்ச் கடிகாரத்தில் கால் மணிக்கு ஒரு அடி. அரை மணிக்கு இரண்டு அடி. ஓட்மார் ஆயுள் முழுக்கக் கடிகாரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நேரம் இவ்வளவு கஞ்சத்தனமானது என்று அன்றுதான் தெரிந்தது.

பதினொரு மணிக்குப் பதினொரு அடி கிடைத்தது. ஒன்பதாவதில் பேரிங் அசைந்தது, பதினொன்றில் வழுக்கியது. கை கேட்கவில்லை. இன்னும் மூன்று போட்டுவிட்டார். பேரிங் வெளியே வந்து உருண்டு கதவருகே போய் நின்றது.

எதிர் ஜன்னலில் ஹேகெலே அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தவர் அவர். பதினாலு. பதினாலு மணி என்றால் பிற்பகல் இரண்டு. சர்ச் மணியோடு வாதாடுகிற ரகமில்லை அவர். தலையணையை உள்ளே எடுத்தார், காப்பி போட்டார், கேக் வெட்டினார். சர்ச்சிலிருந்து திரும்பிய ரோஸ்விதாவை மறித்து, "இன்னிக்குப் பிரசங்கம் ரொம்ப நீளமோ? மத்தியானச் சாப்பாட்டையே மறந்துட்டேன் பாருங்க" என்றார்.

தாமதமாகிவிட்டதென்று பதறி உள்ளே ஓடிய ரோஸ்விதா, ஃப்ரீசரில் இருந்த கறிக் கொழுக்கட்டைப் பையை அப்படியே கொதிக்கிற சாற்றில் கவிழ்த்தாள்.

புது பேரிங்குகளைக் குளிர வைத்தால் சுருங்கும், சுருங்கினால் நாலு தட்டிலேயே உள்ளே இறங்கும். இது ஓட்மாருக்குத் தெரியும். ஃப்ரீசரில் எங்கே வைத்தோம் என்பதுதான் அந்தச் சமயம் தெரியவில்லை. சாப்பாட்டு மேசையில் அவர் கரண்டி டிங் என்றது.

ரோஸ்விதா எட்டிப் பார்த்தாள். "இது என்ன?"

"பேரிங்."

"என் கொழுக்கட்டைப் பைக்குள்ள ஏன் வச்சே?"

"வேற எங்கயும் இடமில்ல. பட்டாணி நிறைய இருந்துச்சு."

"இன்னொன்னு எங்க?"

ஓட்மார் அவள் தட்டைப் பார்த்தார். ரோஸ்விதா கரண்டியைக் கீழே வைத்தாள். சாற்றின் மேல் கிரீஸ் வட்டம் வட்டமாக மினுங்கியது.

"எட்டு வருஷம் முன்னாடி செஞ்சிருந்தா பலகை இருந்திருக்கும், ஓட்மார். என் தலை காஞ்சிருக்கும். அல்போன்ஸ் நெஞ்சும் நல்லா இருந்திருக்கும்."

"தெரியும், ரோசி."

"தெரிஞ்சா மட்டும் போதுமா?"

அவர் பேரிங்குகளைத் துடைத்து, கிரீஸ் தடவி, மறுபடி ஃப்ரீசரில் வைத்தார். பட்டாணிக்குப் பக்கத்தில். மூன்று மணிக்கு மூன்று அடி, சின்னது உட்கார்ந்தது. மூன்றேகாலுக்கு ஒன்று, மூன்றரைக்கு இரண்டு, பெரியது பாதி. மூன்றேமுக்காலுக்கு மூன்று. நாலு மணியின் நாலாவது அடியில் அது தன் இடத்தில் கச்சிதமாக இறங்கியபோது வாசலில் கார் வந்து நின்றது.

ஓட்மார் திரைச்சீலை ஓரமாக எட்டிப் பார்த்தார். அல்போன்ஸ் கம்பளிக் குல்லாவோடு மெதுவாக இறங்கி, மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். ஓட்மார் சட்டென்று பின்வாங்கினார். கையை அசைத்திருக்கலாமே என்று படுக்கையில் படுத்த பிறகுதான் தோன்றியது.

மிச்ச வேலையெல்லாம் திருகாணிதான், சத்தமில்லாமல் முடிந்தது. வியாழக்கிழமை ரோஸ்விதா துணி போட்டாள். இருவரும் குளியல் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார்கள்.

"ஓடுதா?"

"கை வச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தாள். தூங்குகிற பூனைகூட அதைவிட அதிகம் ஆடும்.

"கெட்டிக்காரன்தான். லேட்டான கெட்டிக்காரன்" என்றாள்.

அன்றிரவு ஓட்மார் மேசையில் சீட்டுக்கட்டை எடுத்து வைத்தார். இரண்டு பீர் குவளை. அல்போன்ஸ் வரவில்லை. அடுத்த வியாழனும் வரவில்லை. அதற்கடுத்ததும்.

"இன்னும் கோபம் போகலை" என்றார் ஓட்மார்.

"நீயே கீழ இறங்கிப் போய் மன்னிப்பு கேளேன்."

"என்னன்னு கேக்கறது?"

"தெரிஞ்சதைக் கேளு."

கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தார். படிக்கட்டில் பாதிவரை இறங்கினார். கீழ்வீட்டில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பி ஏறிவிட்டார்.

நாலாவது வியாழன், துணி சுழன்றுகொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. ஓட்மார் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு ஓடினார். வாசலில் பிர்கிட் நின்றாள். தோட்டத்து ஆப்பிளை இவர் வீட்டில் உட்கார்ந்து தின்று வளர்ந்த பெண். இப்போது தலையில் நரை.

"ஓட்மார் மாமா, வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கீங்களா? அப்பா பார்த்துட்டு வரச் சொன்னார்."

"எங்களுக்கென்ன? அப்பா நெஞ்சு எப்படி இருக்கு?"

"நெஞ்சா? நெஞ்சுக்கு ஒண்ணுமில்லையே" என்றாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். "வாஷிங் மெஷின் கெட்டுப்போச்சா?"

"கெடறதா? இந்தா, இப்பக்கூட ஓடிக்கிட்டுதான் இருக்கு. பேரிங் மாத்தியாச்சு. இனிமே அப்பாவுக்கு ஒரு முனகல் கேக்காதுன்னு போய்ச் சொல்லு. ஓட்மார் மன்னிப்புக் கேட்டான்னும் சொல்லு."

பிர்கிட் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தார், மாமா. அப்பாவுக்கு ரெண்டு காதும் போய் எட்டு வருஷம் ஆச்சு. வியாழக்கிழமையானா ஹீட்டர் குழாயில கைய வச்சு, அது நடுங்கினா 'ஓட்மார் இருக்கான்'னு சிரிப்பார். இப்ப ஆபரேஷன் பண்ணிக் காதுக்குள்ள கருவி வச்சதிலேருந்து, அந்த ஊளையை ஒரு தடவையாவது கேட்டுடணும்னு வாராவாரம் நாற்காலியைக் குழாய்கிட்ட இழுத்துப் போட்டு உக்காந்திருக்கார்."