ரெண்டாந்தரம் கேக்காத தம்பிக்கு

ஜெகதளா,
2003 மே மாசம் 15, வியாழக்கிழமை, மத்தியானம்.

மேட்டுப்பாளையத்தில் இருக்கும் என் கூடப்பிறந்த தம்பி ஆறுக்குட்டிக்கு, அக்கா அருக்காணி எழுதிக்கொண்டது. இங்கே நானும் ஏழு கோழிகளும் சுகம். அங்கே நீயும் வேலாமணியும் குறையொன்றும் இல்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். சுகம் விசாரித்தாகிவிட்டது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாசம் இருபத்தேழாம் தேதி, ஞாயித்துக்கிழமை, காலை பத்தரை மணிக்கு என் ஊட்டில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு யாரும் நான் அங்கே இல்லை என்று சொல்லக் கூடாது. கட்டிலில் மாப்பிள்ளை ஞானசேகரன். கட்டில் காலில் சாய்ந்துகொண்டு என் மகள் சுலோச்சனா. தரையில் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, அதன் மேல் கவுந்து படுத்து வழி மேப்பு வரைந்துகொண்டு பேத்தி பாப்பா. கோயமுத்தூரில் காலேஜ் ரெண்டாம் வருஷம் படிக்கிறாள், இன்னும் பாப்பாதான். வாசப்படியில் வேன் ஓட்டுகிற சகாயம். பக்கத்து ஊட்டு ஜானகியம்மாள், உறைக்கு மோர் வாங்க வந்தவள், கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றாள். என் ஊட்டில் இருக்கிற ஒரே நாற்காலியில் நீ. அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு நான். மொத்தம் ஏழு பேர்.

நீ அன்னைக்கு வந்ததே வேற வேலைக்கு. மாப்பிள்ளை குடும்பம் ஊட்டிக் காந்தல்ல இருந்து கெளம்பி, மலை எறங்கினதும் வர்ற ராட்டினமெல்லாம் இருக்கற பார்க்கப் பாத்துட்டு, ராத்திரி உன் ஊட்டுல படுத்துட்டு, வெள்ளிக்கிழமை பாலக்காட்டுப் பக்கம் ஒரு பார்க்கு, சனிக்கிழமை கொச்சிப் பக்கம் பெரிய பார்க்குன்னு பாப்பா திட்டம் போட்டிருந்தா. படுக்க எடம் குடுக்கறவன்னுதான் உன்னக் கூப்பிட்டது. நீ என்னடான்னா வந்ததும் மேப்பு தலைகீழா இருக்குதுன்னு சொல்லி அந்தப் புள்ளைய எந்திரிச்சு இந்தப் பக்கம் வரச் சொன்னே. வழியில மூணு கோயிலச் சேத்தே. மாப்பிள்ளை ராகு காலம் பாத்து ரெண்டு கோயில எடுத்தாரு. சகாயம் தலையச் சொறிஞ்சுட்டு, "ஏனுங்க, வண்டி சூடாயிரும், எங்கியாச்சும் ஒரு எடத்துல நின்னுதானுங்க ஆகோணும்"னாரு. அந்த எடத்துக்கு மூணாவது கோயில வெச்சுக்கிட்டீங்க.

அதுக்கப்பறம் பாப்பா பேப்பர்ல வந்த படத்த எடுத்துக் காட்டினா. ரோலர் கோஸ்டராம். இரும்புத் தண்டவாளம் வானத்துக்கு ஏறிப் போய் அப்படியே குப்புற வுழுது. அதுல ஒரு பொட்டி, பொட்டியில வரிசையா ஆளுங்க, அத்தன பேரும் வாயத் தொறந்துட்டு இருக்கறாங்க. ஒருத்தர் வாயும் மூடியில்ல. "இவங்க எதுக்குச் சாமி இப்படிக் கெடக்கறாங்க?"ன்னு கேட்டேன். "கத்தறாங்க அம்மிச்சி. கத்தறதுக்குத்தான் ஏறுறதே"ன்னா.

ஆறுக்குட்டி, உங்கிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்குது. எங்க ஊட்டுக்காரர் போயி ஆறு வருஷமாச்சு. ஃபேக்டரிச் சங்கு ஊதறப்ப, அவரு இருந்தா இப்பச் சைக்கிள எடுப்பாருன்னு நெனச்சுக்கறதோட சரி. காலைல கோழிய "பா பா"ன்னு கூப்பிடறது ஒண்ணு, தேயிலை எடைபோட வர்ற ஏஜெண்டு ஆளுகிட்ட பத்து நாளைக்கொருக்கா சண்ட போடறது ஒண்ணு. மத்த நேரமெல்லாம் வாய் சும்மாதான் இருக்குது. ஒரு நாளு என் தொண்டையில சத்தம் இருக்குதா இல்லியான்னு பாக்கறதுக்கு அடுப்படியில நின்னு ஒரு கத்து கத்தினேன். ஜானகியம்மாள் வெளக்கமாத்தோட ஓடி வந்துட்டா, காட்டெருமை உள்ள பூந்துருச்சுன்னு. எலின்னு சொல்லிச் சமாளிச்சேன். ஒத்தையாக் கத்தினா இந்தப் பாடு. அந்தப் படத்துல முப்பது பேரு சேந்து கத்தறாங்க, வெளக்கமாத்தோட ஒருத்தரும் ஓடி வரல. எனக்கு அது புடிச்சிருந்துச்சு. நானும் ஏறோணும்னு அந்த நிமிஷமே முடிவு பண்ணிட்டேன். ஊட்டிக் கண்காட்சியில அறுவத்தி நாலாம் வருஷம் ராட்டினத்துல ஏத்தி விடுங்கன்னு எங்க ஊட்டுக்காரரக் கேட்டப்ப, பொம்பள மேல இருந்து கத்தினா ஊரு சிரிக்கும்னு சொல்லிக் கடலைப் பொட்டலம் வாங்கிக் குடுத்துக் கூட்டிட்டு வந்த ஆளு அவரு. அதுவும் எனக்கு மறக்கல.

சகாயம் வேற, "நெஞ்சு வலிக்காரங்க, ரத்தக் கொதிப்புக்காரங்க, மாசமா இருக்கறவங்க ஏறக்கூடாதுன்னு போர்டு இருக்குமுங்க"ன்னாரு. மூணுல ஒண்ணும் எனக்கில்ல. நான் மனசுக்குள்ள எண்ணிட்டேன். வேன்ல சகாயத்த வுட்டா ஆறு சீட்டு. மாப்பிள்ளை, சுலோச்சனா, பாப்பா, பாப்பாவோட காலேஜுப் புள்ளைங்க ரெண்டு. அஞ்சு. ஒரு சீட்டு பாக்கி.

அப்பத்தான் பாப்பா தலையத் தூக்கி, "அம்மிச்சி, நீங்களும் வர்றீங்களா?"ன்னு கேட்டா.

நான் என்ன சொன்னேன்? "எனக்கெதுக்குச் சாமி, நீங்க போயிட்டு வாங்க. எலை வேற எடுக்கோணும்"னேன்.

வேற என்ன சொல்லுவாங்க? மாப்பிள்ளை கட்டில்ல உக்காந்திருக்கறாரு. கேட்ட ஒடனே பல்லக் காட்டிட்டு வர்றேன்னு சொன்னா, இந்தப் பொம்பளைக்குப் பார்க்கு கேக்குதான்னு நெனைக்க மாட்டாரா? மொதத் தரம் வேண்டாங்கறது மரியாதை. ரெண்டாந்தரம் கேட்டா யோசிக்கற மாதிரி நிக்கோணும். அதுக்கு மேல கையப் புடிச்சு இழுத்தா, சரி, புள்ளைங்க ஆசைப்படுதுன்னு எந்திரிக்கோணும். நம்ம அம்மா எந்த விருந்துலயாச்சும் மொதத் தரம் கூப்பிட்டு எலையில உக்காந்து நீ பாத்திருக்கறயா? வேலாமணியப் பொண்ணு பாக்கப் போன ஊட்டுல காப்பி வேண்டாங்கன்னு நீதான சொன்னே? ரெண்டாந்தரம் கேட்டதும் ரெண்டு டம்ளர் குடிச்சயே, அந்த டம்ளர்ல ஒண்ணு எனக்கு வெச்சிருந்தது.

நான் சொல்லிப்போட்டுக் காத்துட்டு நின்னேன். கரண்டியக் கையில வெச்சுட்டுத்தான் நின்னேன். ஆனா சுலோச்சனா, "அம்மாவுக்கு வண்டின்னாலே ஆகாது"ன்னா. எனக்கு வண்டி ஆகாதுன்னு அவளுக்கு எவன் சொன்னான்? எழுபத்தி எட்டுல குன்னூர் பஸ்ஸுல வாந்தி எடுத்தது அவ. எம் மடியிலதான் எடுத்தா. மாப்பிள்ளை, "அத்தைய வற்புறுத்தக் கூடாது, அவங்க விருப்பம்"னாரு. பெரிய மரியாதை. ஜானகியம்மாள் கிண்ணத்த இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்திட்டு, "அவங்க போனா கோழிய யாரு அடைக்கறது?"ன்னா. பாப்பா மேப்புக்கே திரும்பிட்டா. அவளுக்குத் தெரியாது, ஒருதரம் வேண்டாம்னா வேண்டாம்னு நெனைக்கற காலத்துல பொறந்துட்டா.

சரி, என் தம்பி இருக்கறான், அவனுக்குத் தெரியும்னு உம் மூஞ்சியப் பாத்தேன். நீயும் என்னப் பாத்தே. தட்டுல இருந்து, நான் சுட்ட வெல்லப் போளி, அஞ்சாவது ஒப்புட்ட எடுத்தே. எடுத்துட்டு, "அக்கா சொன்னாச் சொன்னதுதான். அப்ப அந்தச் சீட்டுல நான் வர்றேன்"னே. சொல்லிப்போட்டு, பிரேக் புடிக்காத லாரியில பர்லியாறு வரைக்கும் எறங்கினவன் நான், இந்த ரோலர் கோஸ்டரெல்லாம் எனக்குத் தூளின்னு பாப்பாகிட்டப் பீத்தினே.

நீ பொறந்தப்ப உனக்குத் தூளி ஆட்ட ஆளில்லைன்னுதான் என்ன நாலாங் கிளாசுல நிறுத்தினாங்க. அத ஒரு நாளாச்சும் உங்கிட்டச் சொல்லிக் காட்டியிருக்கறேனா? இப்பச் சொல்றேன்.

அதுக்கப்பறமும் எனக்குப் புத்தி வரல பாரு. பதினெட்டு நாள் இருக்குது, எவராச்சும் மறுபடி கேப்பாங்கன்னு நெனச்சுட்டு இருந்தேன். கேட்டா ஒடனே ஏறத் தெம்பு வேணுமேன்னு வாரத்துக்கு ரெண்டு தரம் குன்னூர் பஸ்ஸுல கடைசி சீட்டுல உக்காந்து போயிட்டு வந்தேன். எங்க தூக்கிப் போடுதோ அங்க கம்பியப் புடிக்காம உக்காந்து பழகினேன். கண்டக்டர், "அம்மா, முன்னாடி எடம் இருக்குதுங்க"ன்னாரு. "இருக்கட்டுங்க, எனக்கு இங்கதான் வேணும்"னேன். அவரும் ரெண்டாந்தரம் கேக்கல. அவரு மேல கோவமில்ல.

எலைய ரெண்டு நாள் முன்னாடியே எடுத்து முடிச்சுட்டேன். ஏஜெண்டு ஆளு பாதி எலை சின்னதா இருக்குதுன்னான். கோழிக்கு ஜானகியம்மாகிட்டச் சொல்லி வெச்சேன், எங்கன்னு சொல்லல, போனாலும் போவேன்னு மட்டும் சொன்னேன்.

இன்னைக்குக் காலைல ஆறு மணிக்கு வேன் அரவங்காடு வழியா வரும்னு தெரியும். புளிசோறு, தக்காளிச் சோறு, இருவது ஒப்புட்டு எல்லாம் கட்டித் தூக்குப்போசியில போட்டு எடுத்துட்டு ரோட்டுக்குப் போனேன். அரக்குக் கலர் சீலையக் கட்டிட்டேன். ஒரு பையில ரெண்டு சீலை, துண்டு, கொச்சியில வெயிலுன்னு சொன்னாங்கன்னு ஒரு கொடை. பைய டீக்கடைப் பெஞ்சுக்கு அடியில தள்ளி வெச்சேன். கூப்பிட்டா எடுக்கலாம், கூப்பிடலைன்னா ஒருத்தருக்கும் தெரியாது.

வேன் வந்துச்சு. நின்னுச்சு. சகாயம் எஞ்சின நிறுத்தவே இல்ல. மாப்பிள்ளை தூக்குப்போசிய வாங்கி, "எதுக்குங்க அத்தை இவ்வளவு சிரமம்"னாரு. நீ மேட்டுப்பாளையத்துல ஏறப்போற சீட்டு காலியா இருந்துச்சு, அதுல தூக்குப்போசிய வெச்சாங்க. சுலோச்சனா சன்னல்ல தலைய நீட்டி, "அம்மா, புதுச்சீலை எதுக்கும்மா இந்தப் பனியில"ன்னு கேட்டா. "கோயிலுக்குப் போறேன்"னேன். பாப்பா எறங்கி வந்து கட்டிப் புடிச்சுட்டு, "அம்மிச்சி, குளிருது, ஊட்டுக்குப் போங்க"ன்னா. நான் அப்பவும் கொஞ்ச நேரம் குடுத்துப் பாத்தேன். சுவெட்டருப் பொத்தான ஒண்ணொண்ணாப் போட்டுட்டு நின்னேன். வேன் போயிருச்சு.

டீக்கடைக்காரரு பைய எடுத்துக் குடுத்தாரு. "ஊருக்குங்களா?"ன்னாரு. "இப்பத்தான் வந்தேன்"னேன்.

ஊட்டுக்கு வந்து சீலைய மடிச்சு வெச்சுட்டு இதை எழுதறேன். சுலோச்சனாவ மன்னிச்சாச்சு, எம் புள்ளதான. மாப்பிள்ளைய மன்னிச்சாச்சு, வேற ஊட்டுல பொறந்தவரு. பாப்பா கேட்டா, கேட்டவ அவ ஒருத்திதான். சகாயம் வண்டிக்காரர். ஜானகியம்மாள் கோழியப் பத்திக் கவலைப்பட்டா, அதுவும் ஒரு நல்லதுதான். ஆனா ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த, "அட வா அக்கா"ன்னு சொல்றதுக்கு வாயில எடமில்லாம ஒப்புட்ட வெச்சு அடைச்சுட்டு என் சீட்டுல போய் உக்காந்தியே, உன்ன நான் கட்டையில போறவரைக்கும் மன்னிக்க மாட்டேன், ஆறுக்குட்டி.

வேலாமணிக்கு மூட்டு வலி தேவலையா, கேட்டதாகச் சொல்லவும். உன் பேரன் பேத்திகள் நோய் நொடி இல்லாமல், படிப்பும் கல்யாணமும் காலா காலத்தில் கூடிவந்து, நூறாயுசு இருக்க வேண்டும். நீயும் இருக்க வேண்டும், இந்தக் கடுதாசியை அடிக்கடி எடுத்துப் படிப்பதற்கு.

இப்படிக்கு,
உன் அக்கா
அருக்காணி

பின்குறிப்பு: மேலே எழுதி ஒட்டப் போகிற நேரத்தில் ஜானகியம்மாள் போன் வந்திருக்கிறது என்று கூப்பிட்டாள். அவள் ஊட்டு போனுதான் எனக்கும். மணி மூணே முக்கால். பாப்பா பூத்துல இருந்து பேசினா. "அம்மிச்சி, மேட்டுப்பாளையத்து அப்பிச்சி மொத ரைடுலயே கண்ணு சொருகிட்டாருங்க. பயப்படாதீங்க, இப்ப நல்லா இருக்காரு. மோர் குடிச்சுட்டு இங்கயே ஒரு கட்டில்ல படுத்திருக்காரு. நாளைக்கு அவரு வரல. கண்ணு முழிச்சதும் மொதல்ல சொன்னதே, அக்கா மொதத் தரம் வேண்டாம்னுதான் சொல்லும், நான்தான் கேக்காம வுட்டுட்டேன், அக்காவக் கூப்பிடுங்கன்னுதாங்க. அம்மாவும் அப்பாவும் இங்கதான் நிக்கறாங்க. நாலரை பஸ்ஸப் புடிச்சு மலை எறங்கி வந்துருங்க, எம் பக்கத்துலதான் சீட்டு. வர்றீங்களா அம்மிச்சி?"

ஜானகியம்மாள் என் முன்னால நின்னு, வர்றேன்னு சொல்லுங்க, வர்றேன்னு சொல்லுங்கன்னு கையாலயே ஆட்டறா. நான் வாயத் தொறந்தேன். "எனக்கெதுக்குச் சாமி, நீங்க போயிட்டு வாங்க"ன்னு வந்துச்சு.

"சரிங்க அம்மிச்சி, ஒடம்பப் பாத்துக்கங்க"ன்னு வெச்சுட்டா.

பூத்து நம்பரு யாருக்குத் தெரியும்? ஜானகியம்மாள் உள்ள போயி, காப்பி போடட்டுங்களான்னு கேட்டா. வேண்டாம்னேன். "அட, அரை டம்ளர்தானுங்க"ன்னு கொண்டாந்து வெச்சுட்டா. குடிச்சுட்டு ஊட்டுக்கு வந்து, பேனாவத் தொறந்து மறுபடி எழுதறேன். பஸ் இருக்கத்தான் இருக்குது. பையும் இன்னும் கட்டுப் பிரிக்காமதான் கெடக்குது. வேண்டாம்னு சொன்ன வாயோட மாப்பிள்ளை முன்னாடி எப்படிப் போயி நிக்கறது?

நீ மோருல இஞ்சி தட்டிப் போட்டுக் குடி. ரெண்டு நாளைக்குக் கோழிக் கறி வேண்டாம். உம்மேல எனக்குக் கோவம் ஒண்ணுமில்ல, நீ கேட்டுட்டே. நாலரை பஸ்ஸு இப்பத்தான் ஆரன் அடிச்சுட்டு வளைவுல திரும்புது. மேல கட்டையில போறவரைக்கும் மன்னிக்க மாட்டேன்னு எழுதின எடத்துல உம் பேரை அடிச்சுட்டு அருக்காணின்னு எழுதிக்கோ.