நாலு திருகாணி, ஏழு ஓட்டை, ஒரு மச்சாள்

மைக்ரோவேவ் அடுப்பு 'டிங்' என்று கூப்பிட இன்னும் நான்கு விநாடி இருக்கும்போதே கதவைத் திறந்துவிடுகிற ஆள் நான். அப்படி மிச்சம் பிடித்த விநாடிகளை வைத்து இதுவரை என்ன சாதித்தாய் என்று கேட்டால் பதில் இல்லை. பேருந்து வர மூன்று நிமிடம் என்று பலகை காட்டினால், சும்மா நிற்க ஏலாமல் அடுத்த தரிப்பிடத்தை நோக்கி நடப்பேன். இரண்டு தரிப்பிடங்களுக்கும் சரி நடுவில் பேருந்து என்னைக் கடந்து போகும். (இரண்டு சாரதிகள் கைகூடக் காட்டியிருக்கிறார்கள்.)

இந்த வியாதி முற்றியிருந்த காலத்தில்தான், ஒரு சனிக்கிழமை காலை, இன்னொருவருடைய கரவனில் ஓட்டை போட்டேன்.

இரண்டாயிரத்து ஆறாகவோ ஏழாகவோ இருக்கும். லண்டனில், செவன் கிங்ஸில் இருந்தோம். எனக்குக் கல்யாணமாகி நான்கு வருடம். என் கணவர் ரவியின் அக்காவும் அவருடைய கணவர் தேவன் அண்ணையும் ஜெர்மனியில் பதினாறு வருடம் இருந்துவிட்டு லண்டனுக்குக் குடிவந்து, பிளேஸ்டோவில் வீடு எடுத்திருந்தார்கள். வரும்போது சட்டி பானைகளில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு, காரின் பின்னால் கொளுவி இழுக்கும் சக்கர வீடான தன் கரவனை மட்டும் மறக்காமல் இழுத்து வந்துவிட்டார் தேவன் அண்ணை. அவர்கள் தெருவில் அதை நிறுத்த இடமில்லை. ஆகவே அது எங்கள் வீட்டு முன்முற்றத்தில், வேலியோரமாக, வெள்ளை யானை மாதிரி நின்றது.

தேவன் அண்ணை சமையலறை அலுமாரிகள் பூட்டுகிற தச்சர். ஒரு பலகையை அறுக்க முன்னம் மூன்று தரம் அளப்பார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் அளப்பார். நானும் அவரும் ஒரே குடும்பத்தில் வந்து சேர்ந்தது விதியின் விளையாட்டு.

ரவியின் அக்கா, அதாவது என் மச்சாள், வேறு விதம். அதிகம் பேசமாட்டார். என்னை 'நீர்' என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பேச்சில் 'நீர்' ஒன்றும் கெட்ட சொல் அல்ல; ஆனால் மச்சாள் சொல்லும்போது எங்கள் இருவருக்கும் நடுவில் யாரோ ஒரு மேசையைக் கொண்டுவந்து போட்டதுபோல இருக்கும். காரணம் எனக்குத் தெரியும். கல்யாணம் முடிந்த கையோடு ஜெர்மனிக்கு விருந்துக்குப் போயிருந்தபோது, புதுப் பெண்டாட்டி கெட்டிக்காரி என்று காட்டவேண்டும் என்ற அவசரத்தில், அடுப்பில் இருந்த புட்டை அவிய முன்னமே இறக்கிவிட்டேன். பதினெட்டு விருந்தாளிகள். ஒருவரும் ஒன்றும் சொல்லாமல் தொட்டுக்கொண்ட சம்பலை மட்டும் புகழ்ந்தார்கள். அன்றிலிருந்து 'நீர்'.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் நாலு பேரும் முதன்முறையாக ஒன்றாகக் கரவனில் கடற்கரைப் பக்கம் போவதாக ஏற்பாடு. ஐந்து மணிக்கு முன் போய்ச் சேராவிட்டால் கரவன்கள் நிறுத்தும் முகாமின் வாசலைச் சாத்திவிடுவார்கள். போக முன்னம் ஒரேயொரு வேலை பாக்கி: கரவன் கதவுக்கு மேலே, வெளிப்பக்கம், ஒரு விளக்குப் பூட்டவேண்டும். விளக்கைப் பெட்டியோடு எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போகும்போது அண்ணை சொன்னார்:

"சனிக்கிழமை பதினொரு மணிக்கு நான் வந்து பூட்டுறன். அதுவரைக்கும் ஒருத்தரும் தொடாதையுங்கோ."

ரவிக்குக் காலை ஷிப்ட். ஒரு மணிக்குத்தான் வருவார். நான் ஆறு மணிக்கே எழும்பிவிட்டேன். ஆறரைக்குப் பைகள் எல்லாம் தயார். ஆறு முக்காலுக்கு அதே பைகளைக் கொட்டித் திரும்ப அடுக்கினேன். ஏழு மணிக்குக் கரவனை மூன்று முறை சுற்றி வந்தேன். நாலாவது சுற்றில் என் கையில் விளக்குப் பெட்டி இருந்தது. எப்படி வந்தது என்று சத்தியமாகத் தெரியாது.

நாலு திருகாணி. நாலே நாலு. அதற்காக ஒரு மனிசன் பிளேஸ்டோவிலிருந்து வரவேண்டுமா?

ரவியின் டிரில்லை எடுத்தேன். (யாரோ பரிசாகக் கொடுத்தது. ரவி அதன் விளக்கப் புத்தகத்தை இன்னும் வாசித்து முடிக்காததால் பாவிக்கத் தொடங்கவில்லை.) ஏணியில் ஏறிய பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். கரவனின் வெளிச்சுவர் மட்டமானது அல்ல. மெல்லிய அலுமினியத் தகடு, கோடு போட்ட உருளைக்கிழங்கு சிப்ஸ் மாதிரி, மேடும் பள்ளமுமாக நெளிந்து நெளிந்து போனது. விளக்கின் அடித்தட்டோ தட்டையானது. வைத்துப் பார்த்தால் மேடுகளில் மட்டும் முட்டிக்கொண்டு நின்றது. பள்ளங்கள் வழியே அந்தப் பக்கத்து வானம் தெரிந்தது.

யோசிக்கிற ஆளாயிருந்தால் இறங்கியிருப்பேன். நான் டிரில்லை அழுத்தினேன். அது மேட்டிலிருந்து வழுக்கிப் பள்ளத்தில் ஓட்டை போட்டது. திரும்ப மேட்டில் வைத்தேன். திரும்பப் பள்ளத்துக்குப் போனது. கடைசியில் நாலு திருகாணிக்கு ஏழு ஓட்டை. மூன்று ஓட்டை விளக்கின் மூடிக்கு வெளியே, கதவின் மேல்விளிம்புக்கு நேர் மேலே, பார்க்கிற எல்லாருக்கும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன.

ஓட்டைகளை மறைக்கவேண்டும். பள்ளங்களை அடைக்கவேண்டும். தண்ணீர் உள்ளே போகக்கூடாது. எட்டு மணிக்கு இரும்புச் சாமான் கடை திறந்தபோது கதவடியில் முதல் ஆளாக நான் நின்றேன். தட்டுகளில் எத்தனையோ விதமான பசைகள், புட்டிகள், நாடாக்கள். அவற்றுக்கு நடுவில் ஒரு டின்: 'எந்த இடைவெளியையும் நிரப்பும்.' எனக்கு அதுவே போதுமாக இருந்தது. அந்த வசனத்துக்குக் கீழே இன்னும் பதினைந்து வரி சிறிய எழுத்தில் இருந்தது. அவற்றை மூன்று நாள் கழித்து, ஆறுதலாக, தேநீர் குடித்தபடி வாசித்தேன்.

டின்னைக் குலுக்கி, குழாயை வைத்து அழுத்தினேன். மஞ்சளாய் நுரை வந்தது. பள்ளங்களை நிரப்பினேன். பார்க்கக் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. இன்னும் கொஞ்சம். மிச்ச மூன்று ஓட்டைக்கும் தாராளமாக. டின் முடியுமட்டும் அடித்துவிட்டு, அங்கே தொங்கிய வயரைக் கொளுவி, மேலே விளக்கை வைத்து அழுத்தினேன்.

அந்த நேரம் தேவன் அண்ணையின் கார் வாசலில் நின்றது. நல்லகாலம், அவர் இறங்கவில்லை. மச்சாளை இறக்கிவிட்டு, காஸ் சிலிண்டர் மாற்றப் போய்விட்டார். மச்சாளின் இரண்டு கையிலும் இரண்டு பெரிய டப்பா. ஒன்றில் ரோல்ஸ், மற்றதில் கட்லட்.

"என்ன கலா, மஞ்சளாய்க் கிடக்கு?"

"பசை, மச்சாள்."

"அவர் வந்து செய்யிறன் எண்டவர் எல்லே?"

"சின்ன வேலைதானே."

"ம்" என்றார். மச்சாளின் 'ம்' அப்படி ஒரு 'ம்'. அதற்குள் புட்டு, பதினெட்டு விருந்தாளிகள் எல்லாம் இருந்தார்கள்.

நுரை காய்ந்தபின் திருகாணிகளை இறுக்கலாம் என்று விட்டுவிட்டு, நானும் அவர் பின்னால் கரவனுக்குள் ஏறினேன். "கதவைச் சாத்தும், குளிருது" என்றார். சாத்தினேன். அவர் அலுமாரிகளில் சாமான் அடுக்க, நான் அங்கும் இங்கும் உதவி செய்ய (அதாவது அவர் அடுக்கியதை மாற்றி அடுக்க), முக்கால் மணித்தியாலம் போய்விட்டது. பிறகு வீட்டிலிருந்து தேயிலை எடுத்து வரலாம் என்று கதவுப் பிடியைத் திருப்பினேன்.

கதவு அசையவில்லை. தோளால் இடித்தேன். கரவன் ஆடியது, கதவு ஆடவில்லை.

"பூட்டினனீரோ?"

"இல்லை, மச்சாள்."

"அப்ப?"

கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. இருவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம். மேலிருந்து மஞ்சளாய், தடியாய், பொங்கி வழிந்த பால் மாதிரி ஒன்று இறங்கி வந்து பாதிக் கண்ணாடியை மூடியிருந்தது. நான் அடித்த நுரை பல மடங்கு பொங்கிக் கதவு இடுக்கு முழுக்க இறுகியிருந்தது. விரலால் தட்டினால் மரம் மாதிரிச் சத்தம் கேட்டது.

"கலா, நீர் என்னத்தைப் பூசினனீர்?"

நான் சட்டைப்பையைத் தடவினேன். என் போன் வெளியே ஏணித் தட்டில் இருந்தது. மச்சாளின் கைப்பை காரில் போய்விட்டது. வேலிப் பக்கத்து ஜன்னல் ஒரு சாண்தான் திறந்தது. முன்பக்க ஜன்னலைத் தூக்கித் திறந்து, சமையல் துவாயை வீசி, தெருவால் போன ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியைக் கூப்பிட்டேன். அவர் சிரித்து, கைகாட்டி, "இனிய விடுமுறை!" என்று ஆங்கிலத்தில் வாழ்த்திவிட்டு நாயோடு போய்விட்டார்.

நான் நடக்கத் தொடங்கினேன். அந்தப் பக்கம் நாலு அடி, இந்தப் பக்கம் நாலு அடி.

"இரும் கலா. கப்பலில நிக்கிற மாதிரிக் கிடக்கு."

இருந்தேன். வேறு வழியில்லாமல் நான் ஓரிடத்தில் இருந்தது அநேகமாக அதுதான் முதல்தடவை. கால் மட்டும் தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது. மச்சாள் ரோல்ஸ் டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளினார்.

"அண்ணை ஏசுவாரோ, மச்சாள்?"

"ஏசமாட்டார். அளப்பார்."

சொல்லிவிட்டு அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. கடவுளே, அழவைத்துவிட்டேன் என்று நினைத்து எழும்பினேன். அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார். நான்கு வருடத்தில் மச்சாளின் பல்லை நான் அன்றைக்குத்தான் முழுமையாகப் பார்த்தேன்.

"எனக்கு இந்தக் கரவனைக் கண்ணிலயும் காட்டக்கூடாது, கலா" என்றார், கண்ணைத் துடைத்தபடி. "பதினாறு சம்மர். ஏரிக்கரை, நுளம்புக்கடி. அவர் வெளியில கதிரையைப் போட்டுக்கொண்டு தண்ணியைப் பாத்துக்கொண்டு இருப்பார். நான் இந்தச் சின்ன அடுப்பில குனிஞ்சு நிண்டு சமைப்பன். வீட்டில எண்டா நிமிர்ந்து நிண்டாவது சமைக்கலாம்."

"அண்ணைக்குச் சொல்லேல்லையோ?"

"எப்பிடிச் சொல்லுறது? அந்த மனிசனுக்கு இதை விட்டா வேற என்ன சந்தோசம்? லண்டனுக்கு வரேக்க விட்டிட்டு வருவார் எண்டு பாத்தன். சட்டியை விட்டிட்டு இதைக் கொண்டு வந்திட்டார்." கூரையை நிமிர்ந்து பார்த்தார். "நீ எத்தினை ஓட்டை போட்டனி?"

நீ. மேசையைக் காணவில்லை.

"ஏழு."

"இன்னும் ஏழு போட்டிருக்கலாம்."

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கரவன் உண்மையிலேயே கப்பல் மாதிரி ஆடியது. சிரித்து முடிய, மச்சாள் ஒரு கட்லட்டைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கு உன்ர புட்டிலயும் பிழை இல்லை. மா வறுபடேல்லை. வறுத்தது நான். எல்லாருக்கும் முன்னால சொல்ல வெக்கமாக் கிடந்தது. பிறகு சொல்லுவம் எண்டு நினைச்சன். நாலு வருசம் போயிட்டுது."

இன்னொரு ரோல்ஸ் எடுத்தேன்.

பதினொரு மணியாகும்போது ஏணியில் என் போன் அடித்தது. அடிக்கிற போனை எடுக்காமல் இருப்பது எனக்கு மூச்செடுக்காமல் இருப்பது மாதிரி. முன் ஜன்னலால் தலையை விட்டேன், தோளை விட்டேன், வயிறுவரை போனேன். இடுப்பு நின்றுவிட்டது. சாப்பிட முன்னம் முயன்றிருந்தால் போயிருக்கலாம். இப்போது ஏழு ரோல்ஸும் நானுமாக ஜன்னலில் மாட்டிக்கொண்டோம். உள்ளே மச்சாள் என் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டார். "விழுந்திடுவாய்! விடமாட்டன்!"

அந்தக் கோலத்தில்தான் தேவன் அண்ணை வந்தார். ஒரு கையில் காஸ் சிலிண்டர், மறுகையில் போன். எனக்கு அடித்தது அவர்தான். வாசலில் நின்று, தன் கரவனிலிருந்து தொங்கும் என்னைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். நுரை விளக்கையே தூக்கித் தள்ளி, அது ஒற்றை வயரில் ஆடிக்கொண்டிருந்தது.

"உள்ளுக்கை ஆர்?"

"மச்சாள்."

"இஞ்சாருங்கோ, நான்தான்!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "கெதியா வந்து திறவுங்கோ!"

"ஓம், ஓம், பொறும்" என்றபடி அண்ணை சிலிண்டரை இறக்கி வைத்து, ஏணியில் ஏறி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அளவுநாடாவை எடுத்து ஒவ்வொரு ஓட்டையாக அளந்தார்.

என் கணுக்காலைப் பிடித்திருந்த கைகள் குலுங்கத் தொடங்கின. எனக்கும் பொறுக்க முடியவில்லை. ஜன்னலில் தொங்கியபடியே சிரித்தேன். அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் வர்ணிக்கப் போவதில்லை.

மரம் அறுக்கும் கைவாளால் கதவைச் சுற்றி அறுத்துத் திறக்க அரை மணித்தியாலம். கதவு விளிம்பின் இறப்பரும் பெயின்டும் நுரையோடு பிய்ந்து வந்தன. அண்ணை ஒரு வார்த்தை ஏசவில்லை. பெட்டியிலிருந்து பிசைந்த மா மாதிரி மெத்தென்ற ஒட்டுநாடா ஒன்றை எடுத்து, துண்டு துண்டாகப் பள்ளங்களில் வைத்து மேட்டோடு மட்டமாக்கி, அதற்குமேல் விளக்கைப் பூட்டினார். மேலேயும் இரண்டு பக்கமும் பசை இழுத்தார். கீழே மட்டும் விட்டார். ஏன் என்று கேட்டேன். "தப்பித்தவறி உள்ள போற தண்ணி வெளிய வரவேணும் எல்லே. எல்லாத்தையும் அடைச்சா எப்பிடி?" என்றார். மிச்ச மூன்று ஓட்டைக்கும் ஒரு தகட்டுத் துண்டை, நாலு தரம் அளந்து, வெட்டி ஒட்டினார்.

ரவி ஒரு மணிக்கு வந்து, பிய்ந்த கதவையும் முற்றமெல்லாம் கிடந்த மஞ்சள் துண்டுகளையும் பார்த்தார். "என்ன நடந்தது?"

நான் வாயைத் திறக்க முன்னம் மச்சாள் சொன்னார்: "காத்தடிச்சுக் கதவு இறுகிப் போச்சு."

ரவி அக்காவைப் பார்த்தார். அக்கா சிறுவயதிலிருந்து பொய் சொன்னதை அவர் கண்டதில்லை. ஆகவே நம்பிவிட்டார். அண்ணை நுரைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "ரோல்ஸ் இருக்கோ?" என்று ரவி கேட்டபோதுதான் எல்லாருக்கும் சங்கடமாகப் போனது.

முகாம் வாசலுக்கு ஐந்து ஆகப் பத்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். இரண்டு நாளும் மழை கொட்டியது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அண்ணை குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே கடலைப் பார்க்க, நானும் மச்சாளும் உள்ளே, அந்தச் சின்ன அடுப்புக்கு முன்னால், மாறி மாறிக் குனிந்து சமைத்தோம். என் விரல்களில் ஒட்டிய மஞ்சள் ஒரு கிழமை போகவில்லை. திங்கட்கிழமை அலுவலகத்தில் மஞ்சள் அரைத்தாயா என்று கேட்டார்கள், ஆமென்றேன்.

உண்மை இப்போது ரவிக்கும் தெரியும். அண்ணை ஒரு பிறந்தநாள் விழாவில் அளவுகளோடு சொல்லிவிட்டார். இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சனக்கூட்டத்துக்குள் நாலு வரிசை தள்ளி இருந்துகொண்டு மச்சாள் என் கண்ணைத் தேடிப் பிடிப்பார். யாரைப் பற்றியோ என்னிடம் தனியாக ஏதோ சொல்ல இருக்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் இருப்பவர்களுக்கு விளங்காது. எங்கள் வீட்டுக்காரர் இருவரும் மட்டும் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

"கலா," என்பார் சத்தமாக, "வா, கதவை ஒட்டுவம்."