மதினியின் லாங் லைனும் என் டிபன் டப்பாவும்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. 'கொஞ்சம்' என்று சேர்த்துக்கொள்ளலாம்தான். ஆனால் இதைப் படித்தால் என் அம்மா சும்மா விடமாட்டாள். பந்தியில் பக்கத்து இலையில் அப்பளம் பெரிதாக விழுந்தாலே எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவளை அத்தை மகளோடு ஒரே வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தது எங்கள் அப்பா செய்த தப்பு.

தொண்ணூறுகளின் கடைசி. கோவில்பட்டிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக். எலெக்ட்ரிகல் வகுப்பில் இரண்டே பெண்கள், நானும் ஜெயந்தியும். அவள் மூன்று மாதம் மூத்தவள் என்பதால் மதினி என்றுதான் கூப்பிடவேண்டும். (வாய் மதினி என்னும், வயிறு எரியும்.) அவளுக்கு மார்க் கூட, முடி கூட. பசுவந்தனை பஸ்ஸில் நான் நின்றுகொண்டே வருவேன். மகராசிக்கு மட்டும் எப்படியோ ஜன்னலோரம் கிடைத்துவிடும்.

கடைசி வருஷம் மின்சாரம் கொண்டுபோகும் லைனுக்கு மாதிரி செய்யச் சொன்னார்கள். லைனின் நீளத்துக்குத் தக்கபடி மாதிரியும் மாறும். பசுவந்தனை வரைக்கும் போனால் ஷார்ட் லைன்: ஒரு ரெசிஸ்டர், ஒரு காயில், வேலை முடிந்தது. மதுரை வரைக்கும் என்றால் மீடியம், கெப்பாசிட்டரும் சேரும். சென்னை வரைக்கும் என்றால் லாங் லைன். காயிலும் கெப்பாசிட்டருமாகத் துண்டு துண்டாகக் கோத்துக்கொண்டே போகவேண்டும். சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். ஷார்ட் எனக்கு விழுந்தது, மீடியம் பையன்களுக்குப் போனது. லாங் லைன் யாருக்கு விழுந்திருக்கும் என்று நான் வேறு சொல்லவேண்டுமா?

அவளுடைய பலகை ஒரு மேசையையே அடைத்துக்கொண்டு கிடந்தது. என்னுடையதைப் பார்த்துவிட்டு, "என்னட்டி இது, காலிங்பெல்லா?" என்று கேட்டான் ஒருத்தன்.

இதில் வேலை விஷயமும் இருந்தது. மதுரைக் கம்பெனி ஒன்றிலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்த்து, ஒரே ஒரு ஆளை எடுத்துக்கொள்வார் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு வேலை கிடைக்காவிட்டால் தை மாசம் மாப்பிள்ளை பார்ப்பதாக அப்பாவும் சொல்லியிருந்தார். இரண்டு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

அவர் வரவேண்டிய அன்றைக்கு மதியம் சாப்பிட்டுவிட்டு ஜெயந்தி கை கழுவப் போனாள். அவள் லைனின் கடைசி முனையில், மின்சாரம் வந்து சேர்ந்ததற்கு அடையாளமாக ஒரு பல்பு இருந்தது. (எங்கள் பாடப் பாஷையில் 'லோடு'.) கை பரபரத்தது. கழற்றி, என்னுடைய காலி டிபன் டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். அதிகாரி முன்னால் பல்பு எரியாமல் மதினி முழிப்பதை நினைக்கவே எலுமிச்சைச் சாதம் நன்றாகச் செரித்தது.

அதிகாரி வந்தார். ஜெயந்தி சுவிட்சைப் போட்டாள். பல்பைக் காணோம் என்று அப்போதுதான் பார்த்தாள், முகம் செத்துப்போனது. எனக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் அந்த மனிதர் பல்பு இல்லாததைப் பொருட்படுத்தவே இல்லை. இரண்டு முனையிலும் இருந்த மீட்டர்களைக் குனிந்து குனிந்து பார்த்தார்.

"அனுப்புற இடத்துல நூத்திப்பத்து வோல்ட், வந்து சேர்ற இடத்துல குறையாம நூத்திப்பதினெட்டு! லோடைக் கழட்டி வச்சுக் காட்டுறியேம்மா! லைன் நீளமா இருந்தாத்தான் இது நல்லாத் தெரியும். நான் போன எந்த இடத்துலயும் யாரும் இதைக் காட்டல. சரி, இப்ப பல்பைப் போடு."

"பல்பைக் காணல சார்," என்றாள் ஜெயந்தி.

நான் பதறிப்போய் டப்பாவை எடுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். உள்ளே கடகடவென்று உருண்டது. எங்கள் சார் வாங்கித் திறந்தார். மஞ்சள் பருக்கைகள் ஒட்டியபடி பல்பு.

அதிகாரிக்குச் சந்தோஷம் கூடிவிட்டது. "ஓ, இது உன் யோசனையா? சபாஷ்! கடைசியில ஏன் வோல்டேஜ் கூடுது, சொல்லு பாப்போம்."

தெய்வமே தந்த சந்தர்ப்பம். மதினியின் பேரை அப்படியே தட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் வயிற்றெரிச்சலில் லாங் லைன் பாடத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லையே நான்! வாய்க்கு வந்ததைச் சொன்னேன்:

"அம்புட்டுத் தூரம் ஓடி வருதுல்லா சார்... அந்த வேகத்துல கூடிருது."

பையன்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். ஜெயந்தி மெதுவாக, "கடைசியில லோடு இல்லாட்டா, லைன்ல உள்ள கெப்பாசிட்டர் இழுக்குற கரண்டுதான் சார் வோல்டேஜைக் கூட்டுது," என்றாள்.

"அப்ப நீ எதுக்கும்மா கழட்டினே?" என்று அவர் என்னைக் கேட்டார்.

"பொறாமைல சார்," என்றேன். அன்றைக்கு நான் சரியாகச் சொன்ன பதில் அது ஒன்றுதான்.

வேலை ஜெயந்திக்குக் கிடைத்தது. பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவள் சொன்னாள்: "ஏட்டி ராசி, நாளைக்கு அந்தப் பல்பைத் தொடச்சுக் கொண்டா." தை மாசம் அப்பா சொன்னபடியே செய்தார்.

போன வருஷம் மதுரையில் அவள் வீடு கட்டிக் குடிபோனாள். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அத்தை உள்ளே பார்த்துச் சத்தம் கொடுத்தாள்: "ஏலே, ராசி வாரா! பல்பை எல்லாம் எண்ணி வச்சுக்கோங்க!"

வீடே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே அண்ணாந்து எண்ணினேன். ஹாலில் மட்டும் பதினாறு. எங்கள் வீடு முழுக்கவே பதினொன்றுதான்.